நேரம் எடுக்காது, ஆகும்

அன்புள்ள ஐயா,
ஆங்கிலத்தில் 'டேக்' என்ற ஒரே வினை என்னைத் திணறடிக்கிறது. அகராதி பார்த்து நாற்பது பொருள் எழுதி மனப்பாடம் செய்தேன். பேசும்போது ஒன்றும் வருவதில்லை. 'இட் டுக் மீ டூ அவர்ஸ்', 'ஐ டுக் டூ அவர்ஸ்', எது சரி? 'பிரிங்', 'டேக்' குழப்பமும் தீரவில்லை. இதெல்லாம் பழக எவ்வளவு நேரம் எடுக்கும்?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாற்பதையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்களே, அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். இரண்டு வாக்கியமும் சரி. முதலாவதில் வேலை எழுவாய். இரண்டாவதில் நீங்கள் எழுவாய், தாமதத்தின் பொறுப்பும் உங்கள் தலையில்.

அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். 'டேக் எ வாக்', 'டேக் எ லுக்' என்னும்போது பொருள் முழுக்கப் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. டேக் காலம் காட்ட மட்டும் நிற்கிறது. அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பதைப் பிரிட்டிஷார் பெரும்பாலும் 'ஹாவ் எ பாத்' என்பார்கள். குளியல் அதேதான். தமிழிலும் ஒரு தூக்கம் போடுகிறோம், குறட்டை விடுகிறோம், ஓட்டம் எடுக்கிறோம். ஏன் போடு, ஏன் விடு என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நோட்டில் இடப்பக்கம் பெயரை எழுதி, வலப்பக்கம் அதற்குரிய வினையை எழுதுங்கள். மாத்திரைக்கு டேக், தப்புக்கு மேக், வீட்டுப்பாடத்துக்கு டூ. தேர்வுக்கு டேக், 'ரைட்' நம் நாட்டு வழக்கு. ஒவ்வொன்றுக்கும் இறந்தகாலத்தில் ஒரு வாக்கியமும், 'ஹாவ்' சேர்த்து ஒன்றும் எழுதுங்கள். 'ஐ ஹாவ் டுக்' என்று எழுதும் தவறு அங்கேதான் பிடிபடும். 'டேக்கன்' வர வேண்டும்.

ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் விட முடியவில்லை. 'எவ்வளவு நேரம் எடுக்கும்'! நேரம் ஆகும், தம்பி. நேரம் பிடிக்கும். சோறு வேக அரைமணி ஆகும், ஊர் போய்ச்சேர ஆறு மணி நேரம் பிடிக்கும். எடு என்ற வினைக்குச் சொந்த வேலை நிறைய உண்டு: பசி எடுக்கும், தாகம் எடுக்கும், வாந்தி எடுக்கும். இவற்றில் ஒன்றையும் டேக் போட்டு ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. அப்படியிருக்க, டேக் வருகிற இடத்திலெல்லாம் எடுவைக் கொண்டுபோய் நிறுத்துவானேன்? 'நடவடிக்கை எடு' வேரூன்றிவிட்டது, அதோடு மல்லுக்கட்டவில்லை. 'பிரேக் எடுத்தேன்' என்று சொல்லாதீர்கள். சற்று ஓய்ந்தேன், இளைப்பாறினேன் என்று சொல்ல என்ன கஷ்டம்?

ஒரு வினை இன்னொன்றை விழுங்கிவிடும். டேக் என்பதே ஆங்கிலத்துக்கு வந்தேறி. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸின் 'தாகா' அது. அதற்குமுன் ஆங்கிலேயர் 'நிமன்' என்றார்கள்; ஜெர்மனில் 'நேமன்' இன்றும் நடமாடுகிறது. ஆங்கிலத்திலோ மரத்துப்போனதைச் சொல்லும் 'நம்ப்', சுறுசுறுப்பைச் சொல்லும் 'நிம்பிள்' ஆகியவற்றில் அதன் எலும்பு மட்டும் மிச்சம். 'ஆகும்', 'பிடிக்கும்' இரண்டையும் அப்படிப் பார்க்க எனக்கு மனமில்லை. கோபமாக எழுதுவது அதனால்தான்.

பிரிங் என்றால் கொண்டுவா, டேக் என்றால் கொண்டுபோ. பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் பக்கம் வந்தால் பிரிங், வேறெங்கோ போனால் டேக். இது உங்களுக்கு ஒரு நாள்கூட ஆகாது.