க்ராய்ன்: ‘ஒய்’ போட்டால் கடல், ‘ஐ’ போட்டால் கவட்டையா?

கேள்வி: க்ராய்ன் என்ற ஆங்கிலச் சொல்லை நடுவில் ஒய் போட்டும் (groyne) ஐ போட்டும் (groin) எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

உச்சரிப்பு ஒன்று, பொருள் வேறு. ஒய் போட்டால், குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் நாம் சொல்லும் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசை. அலை கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போகும் மணலை அது மறிக்கும். மணல் வரும் பக்கம் கரை வளரும், மறுபக்கம் கடல் அரிக்கும். அதனால்தான் ஓர் ஊரில் போட்டதும் பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

ஐ போட்டால் கவட்டை, அதாவது தொடை இடுக்கு. பந்து வீசுகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ளுமே, அந்த இடம். கட்டடக் கலையில் இரண்டு வளைகூரைகள் வெட்டிக்கொள்ளும் விளிம்புக்கும் இதே எழுத்துதான்.

எங்கள் ஊருக்காக நான் டைப் செய்த மனுவில் ஐ விழுந்துவிட்டது. ‘கவட்டை அமைத்துத் தரவும்’ என்று கேட்டிருக்கிறோம்! ஆனால் அமெரிக்காவில் அது பிழையில்லை, அங்கே இரண்டுக்கும் ஐதான். நம்மூரில் பிரிட்டிஷ் வழக்கம் என்பதால் ஒய் போடுவதே நல்லது.

அப்புறம், ஓர் எழுத்தால் பொருள் மாறும் இன்னொன்று, நீங்கள் கேட்காதது: காயர் (coir) என்பது தென்னை நார், மலையாளக் கயறு ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் ஒரு ஹெச் சேர்ந்தால் குவயர் (choir), தேவாலயப் பாடகர் குழு.