கருவி கேள்வி கேட்குமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் எழுத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

காலையில் எழுந்ததும் ஒரே ஒரு பிரார்த்தனைதான் செய்வேன். 'இறைவா, இந்த உலகத்தில் நீ செய்கிற வேலைக்கு என்னைக் கருவியாக வைத்துக்கொள்.' அசிசியின் புனித பிரான்சிஸ் எழுதியது என்று சொல்லி ஒருவர் கொடுத்த தாளிலிருந்து இந்தப் பழக்கம் வந்தது. பிறகு ஒரு சேவைக் குழுவில் சேர்ந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் உதவுகிற வேலை. அதில் ஒருவர், பக்கவாதம் வந்த ஒரு அம்மா. அவருடைய இடது கை இறுக மூடியே இருக்கும். நகம் வளர்ந்தால் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்து, மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தளரும். ஒவ்வொரு விரலாகப் பிரித்து நகம் வெட்டி, உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, சின்னதாக ஒரு துணிச்சுருளை வைத்துவிட்டு வருவேன். அவருக்குப் பேச்சு வராது.

அவருடைய மகன் குழுவின் பிரார்த்தனைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அதனால் இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று எங்கள் தலைவர் சொன்னார். ஏன் என்று கேட்டேன். 'கருவி கேள்வி கேட்காது' என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். போகவும் இல்லை.

இப்போது காலையில் அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல நாக்கு எழவில்லை. குழுவில் மற்றவர்கள் கடவுள் தங்களிடம் பேசியதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் அப்படி எதுவும் கேட்டதில்லை. எல்லாம் வல்ல கடவுளுக்கு என்னைப் போன்ற ஒருத்தி எதற்கு என்றும் தோன்றுகிறது. நான் இந்தப் பிரார்த்தனையை விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்கள் பெயரையும், குழுவை அடையாளம் காட்டக்கூடிய வரிகளையும் எடுத்துவிட்டேன்.

'கருவி கேள்வி கேட்காது' என்ற அந்த வாக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கேட்பதற்கு பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுளின் கையில் கருவியாக இருந்தார்கள் என்று நாம் கும்பிடுகிறவர்களின் கதைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கேள்வி கேட்காதவர்கள் அங்கே ரொம்பக் குறைவு.

கீதையின் 11ஆம் அத்தியாயத்தில், விசுவரூபத்தைக் காட்டிவிட்டு, 'நீ நிமித்தமாக மட்டும் இரு' என்று அர்ஜுனனிடம் கண்ணன் சொல்கிறான். கருவியாக இருப்பது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைச் சொல்வார்கள். அதே கண்ணன் 18ஆம் அத்தியாயத்தில், உபதேசம் முடிகிற இடத்துக்கு வந்தபிறகு என்ன சொல்கிறான்? 'இதை மிச்சம் வைக்காமல் ஆராய்ந்து பார். பிறகு உன் விருப்பம் எதுவோ அப்படிச் செய்.' உலகம் முழுவதையும் தன் உடம்பில் காட்டியவன் இதைச் சொல்கிறான். காட்டியதோடு பேச்சை முடித்திருக்கலாம், அர்ஜுனனும் பயந்துபோய் வில்லை எடுத்திருப்பான். கண்ணனுக்கு அந்தப் பயம் போதவில்லை. அர்ஜுனன் யோசித்து, தன் மனதார எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறான்.

விவிலியத்தில் மோசே. எகிப்தில் அடிமைகளாக இருந்த தன் மக்களை மீட்டு வரும்படி முட்புதரிலிருந்து கடவுளின் அழைப்பு வந்ததும் அவர் கிளம்பிவிடவில்லை. நான் யார் போவதற்கு என்றார், மக்கள் என்னை நம்ப மாட்டார்கள் என்றார், எனக்குப் பேச வராது என்றார், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே சொல்லிவிட்டார். அது தயக்கம் என்று ஒதுக்கலாம். ஆனால் பின்னால், மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கியதற்காக அவர்களை அழிக்கப் போகிறேன் என்று கடவுளே சொன்னபோது, மோசே எதிரே நின்று வாதாடுகிறார். கடவுள் அந்த வாதத்தைக் கேட்டு மனம் இரங்கினார் என்றுதான் விவிலியத்தின் விடுதலைப் பயணம் என்ற நூல் சொல்கிறது. இயேசுவின் தாய் மரியாளும் அப்படித்தான். உனக்கு மகன் பிறப்பான் என்று வானதூதர் வந்து சொன்னபோது, 'இது எப்படி நிகழும்?' என்று கேட்ட பிறகுதான் 'உம் சொற்படியே ஆகட்டும்' என்று சொன்னார். கேள்வி கேட்டதற்காக வானதூதர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை, விளக்கம் சொன்னார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. விவிலியத்தில் எசாயா என்ற இறைவாக்கினர் நூலின் 10ஆம் அதிகாரத்தில் அசீரியப் பேரரசைக் கடவுள் தன் சினத்தின் கோல் என்று சொல்கிறார். அதாவது அசீரியாவும் ஒரு கருவிதான். ஆனால் அது அழித்துக்கொண்டே போகிறது, எல்லாம் என் கைவலிமை என்று மார்தட்டுகிறது. அப்போது வருகிற கேள்வி, வெட்டுகிறவனைவிட மேலானது என்று கோடரி பெருமை பேசலாமா என்பது. கடைசியில் அந்தக் கோலும் தண்டிக்கப்படுகிறது. கருவியாக இருப்பதால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிட மாட்டார், கருவியாக இருந்தேன் என்பது செய்த செயலுக்கு மன்னிப்பும் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது.

வரலாற்றிலும் அந்தச் சாக்கு நிறைய உண்டு. 1095இல் முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு வந்தபோது, 'இது கடவுளின் சித்தம்' என்று கூட்டம் முழங்கியதாகப் பதிவு இருக்கிறது. 1099இல் அவர்கள் எருசலேமைப் பிடித்ததும் நகரத்துக்குள் நடந்த படுகொலை எல்லோருக்கும் தெரிந்தது. வாளைத் தூக்கியவர்களில் பலர், தாங்கள் கருவிகள் மட்டுமே என்று உளமார நம்பியிருப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. உங்கள் தலைவர் சொன்னது இதோடு ஒப்பிட மிகச் சின்ன விஷயம். ஆனாலும் பாதை ஒன்றுதான். ஒருவருடைய மனச்சாட்சியை ஓரமாக வைக்கச் சொல்ல வேண்டுமென்றால், கடவுளின் பெயரைச் சொல்வது எப்போதுமே வசதியாக இருந்திருக்கிறது. கடவுளுக்குக் கருவியாக வேண்டும் என்று நெஞ்சுருகி வேண்டுகிறவர்கள் மனிதர்களின் கருவியாக ஆகிவிடுவது சுலபம். அவர்கள் ஏற்கெனவே குனிந்துதானே நிற்கிறார்கள்?

அப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். 'தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று பாடியவர். உங்கள் பிரார்த்தனையைத் தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவே முடியாது. அவர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். புல் செதுக்குகிற சாதாரணக் கருவி. கோயில் கோயிலாகப் போய் முற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கிச் சுத்தம் செய்தார். திருப்புகலூரில் அப்படிச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, மண்ணில் பொன்னும் மணியும் தட்டுப்பட்டன. அவர் அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே உழவாரத்தில் அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பொன் அவரை நிறுத்தவில்லை. அன்றைக்கு அங்கே அவருடைய வேலை தரையைச் சுத்தம் செய்வது, பொன்னும் தரையில் கிடந்த குப்பையில் சேர்த்திதான்.

இவ்வளவு பணிந்த மனிதர், பல்லவ மன்னனின் அழைப்பாணை வந்தபோது பாடியது 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. கடவுளின் பணியாள் என்பதாலேயே அவர் வேறு யாருக்கும் ஆளாக மறுத்தார். பணி செய்து கிடப்பேன் என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரியை மறைத்துவிட்டால், அது அப்பர் ஆகாது.

அதனால் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். குழுவின் சார்பில் போகாமல் நீங்களாகப் போங்கள். போவதற்கு முன் மகனிடம் பேசுங்கள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால், விரலை எப்படித் தளர்த்துவது, துணிச்சுருளை எப்படி வைப்பது என்பதையாவது அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். புண் காத்திருக்காது.

அப்புறம், எல்லாம் வல்லவருக்கு நீங்கள் எதற்கு என்ற கேள்வி. இது சின்னக் கேள்வி இல்லை. நம்மாழ்வார் இதே கேள்வியில் ஒரு பதிகம் முழுக்கத் திகைத்து நிற்கிறார். திருவாய்மொழியின் ஏழாம் பத்தில், 'என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசன்' என்கிறார். பாடியது நான் இல்லை, என்னை வைத்து அவன் தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்கிறார். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்தது. இனிய கவி பாடுகிற பெரும் புலவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவர்களைக் கொண்டு பாடுவிக்காமல், என்னிடம் வந்து என்னைக் கொண்டு பாடினானே என்று வியக்கிறார். ஏன் என்பதற்கு அவர் விடை சொல்வதில்லை. இதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்றுதான் தவிக்கிறார்.

எனக்கும் விடை தெரியாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கடவுள் நேரடியாக எல்லாவற்றையும் செய்துவிட்டால் உலகத்தில் வேலை நடந்துவிடும், அன்பு நடக்காது. மூடிய கை ஒன்று அதிசயமாகத் திறந்துகொண்டால் அது குணம். இன்னொருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தால், குணத்தோடு கூட இன்னொன்றும் அங்கே வந்துவிடுகிறது. அந்த இன்னொன்று கடவுளுக்கு வேண்டியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்கு ஆள் வேண்டும். பெரிய ஆளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடவுள் உங்களிடம் பேசவில்லை என்கிறீர்கள். சரி. அன்னை தெரசா தன்னைக் கடவுளின் கையில் இருக்கும் சிறு பென்சில் என்று சொல்லிக்கொண்டவர். 2007இல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் வெளிவந்தபோதுதான், அவர் பல பத்து ஆண்டுகள் உள்ளுக்குள் கடவுளின் அருகாமையையே உணராமல் வறண்டு கிடந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. கடவுளின் குரல் கேட்பதாகச் சொல்கிற மற்றவர்களை நான் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. கேட்காதது உங்கள் குறையும் இல்லை. அந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வந்தபிறகு பிரார்த்தனை சொல்ல உங்கள் நாக்கு எழவில்லையே, அதை நீங்கள் வறட்சிக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களிடம் பேசவே இல்லை என்று நினைத்திருந்த குரல் அதுவாகவே இருக்கலாம்.

அந்தத் தாளில் இருந்த பிரார்த்தனை பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சிஸ் இறந்தது 1226இல். அந்தப் பிரார்த்தனை முதன்முதலில் அச்சில் வந்தது 1912இல், பாரிசில் ஒரு சிறு கத்தோலிக்கப் பத்திரிகையில், பிரெஞ்சு மொழியில், எழுதியவர் பெயர் இல்லாமல். பிரான்சிஸின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. இதனால் அந்தப் பிரார்த்தனையின் மதிப்பு குறைந்துவிடாது. இன்னும் சொன்னால், தன்னைக் கருவியாக்கு என்று வேண்டிய மனிதர் பெயரைக்கூட விட்டுவைக்காமல் போனது பொருத்தம் என்றே நினைக்கிறேன். அதை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். கட்டளை கொடு, நிறைவேற்றுகிறேன் என்று அதில் எங்கும் இல்லை. பகை இருக்கிற இடம், காயம் இருக்கிற இடம், நம்பிக்கை இழந்த இடம் என்று இடங்கள்தான் வரிசையாக வருகின்றன. எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பிரார்த்தனையே சொல்லிவிடுகிறது. அங்கே போய் நின்றபிறகு என்ன செய்வது என்பதைக் கண்ணால் பார்த்து, அறிவால் யோசித்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்ணும் அறிவும் அவர் கொடுத்தவைதானே?

அதனால் பிரார்த்தனையை விட வேண்டாம். பழைய சொற்கள் இப்போதைக்கு வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். இன்றைக்கு நான் பார்க்கப்போகிற ஆட்களில் யாருக்கு நான் தேவையோ அவரைக் கவனிக்காமல் தாண்டிப் போகவிடாதே என்று கேளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். சில நாள் அது நடக்கிறது, சில நாள் நடந்ததா என்றே தெரிவதில்லை.

குழுவை விடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது இருக்கிறது. உடனே விட்டுவிடாதீர்கள். தலைவரை ஒருமுறை தனியாகச் சந்தித்து, மகனைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், அந்த அம்மாவின் கையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவரும் நல்ல எண்ணத்தோடு தொடங்கியவராகவே இருப்பார், களைப்பிலோ மனத்தாங்கலிலோ சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டு அவர் மனம் மாறினால் நல்லது. திரும்பவும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார் என்றால், சண்டை போடாமல் விலகிவிடுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் இதே உறுத்தல் இருக்கிற ஒன்றிரண்டு பேராவது கட்டாயம் இருப்பார்கள், அவர்களிடம் பேசிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்.