ஈரக் காலும் வெடித்த குதிகாலும்: மலையில் இருப்பவர்கள் எதை வாங்குவது?

பனி விழ ஆரம்பித்ததிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கால் சம்பந்தப்பட்டவைதான். அதனால் இந்த முறை மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கேள்வி: நவம்பர் வந்தாலே குதிகாலில் பித்தவெடிப்பு, சில நாள் ரத்தமே கசிகிறது. மெடிக்கலில் கேட்டால் விதவிதமாக கிரீம் எடுத்து வைக்கிறார்கள், விலையும் எங்கேயோ இருக்கிறது. எதை வாங்குவது அக்கா? (குன்னூர்)

டியூபின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள் அம்மா, அங்கே கற்றாழை, தேன், ரோஜா என்று ஒரு தோட்டமே இருக்கும். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். யூரியா என்று இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 சதவீதம் என்றால் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், 20-25 என்றால் தடித்துப்போன தோலை இளக்கும். ஆனால் ரத்தம் கசிகிற வெடிப்பில் யூரியா போட்டால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எரியும். அதனால் முதல் சில நாள் சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். வெடிப்பு மூடிய பிறகு யூரியா கிரீமுக்கு மாறுங்கள்.

விலைக்கு ஒரு வழி இருக்கிறது. இப்போது வருகிற பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், சின்ன டியூப் எவ்வளவு கொள்ளை என்று தெரியும்.

கிரீமை விடப் பூசுகிற நேரம் முக்கியம். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, துடைத்து, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே பூசி, பழைய காட்டன் சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு படுங்கள். கல்லால் தேய்ப்பதாக இருந்தால் மெதுவாக, பிளேடு வைத்துச் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, நம் ஊரில் குளிருக்குப் பயந்து சுடச்சுட வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொள்கிறோம், தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடுகிறது. வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் நடக்கப் பின்பக்கம் மூடிய செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குதிகால் திறந்தே இருந்தால் எந்த கிரீமும் நிற்காது.

கேள்வி: கேத்திப் பக்கம் காரட் அறுவடைக்கும் கழுவுகிற வேலைக்கும் போகிறேன். நாள் முழுக்க கம்பூட்தான். விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து தாங்கமுடியாத அரிப்பு. கடையில் கொடுத்த களிம்பு போட்டால் இரண்டு நாளில் நிற்கிறது, விட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது. நல்ல கம்பூட் வாங்கினால் சரியாகுமா?

நீங்கள் சொல்வது சேற்றுப்புண் மாதிரி இருக்கிறது, அதாவது ஈரத்தில் வளர்கிற பூஞ்சைத் தொற்று. இரண்டு விஷயம் சேர்ந்து கிடக்கிறது, முதலில் களிம்பு. அந்த டியூபை எடுத்து உள்ளே என்ன மருந்து என்று படித்துப் பாருங்கள். கிளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். நீங்கள் சொல்கிற "இரண்டு நாளில் நிற்கிறது, அப்புறம் மோசமாகிறது" என்பது அச்சு அசலாக அதன் கதைதான். இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, ஆனாலும் "அரிப்பு களிம்பு கொடுங்க" என்றால் பல கடைகளில் கைக்கு வந்துவிடுகிறது. சேற்றுப்புண்ணுக்குக் குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் மட்டும் இருக்கிற களிம்பு போதும். அரிப்பு நின்றதும் டியூபைப் பரணில் போடாதீர்கள். குளோட்ரிமசோல் என்றால் பொதுவாக 4 வாரம் விடாமல் போடவேண்டும். அப்படியும் ஆறவில்லை, வீக்கமோ நாற்றமோ சீழோ வருகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.

சரி, கம்பூட். எவ்வளவு நல்ல கம்பூட்டாக இருந்தாலும் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே ஊறுகிற வியர்வையை வெளியேயும் விடாது. அதனால் புது கம்பூட்டுக்குச் செலவழிக்கிற காசில் பாதியை சாக்ஸுக்கு ஒதுக்குங்கள். தடிமனாக ஒரு ஜோடி வாங்குவதை விட மெல்லியதாக நான்கைந்து ஜோடி வாங்குங்கள், ஏனென்றால் ஜூலை மாதத்தில் இங்கே எதுவும் காய்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி கிரீமுக்குக் காட்டன் நல்லது என்று மேலே சொன்னேன், கம்பூட்டுக்குள் அதே காட்டன் சரிப்படாது, நனைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விரலோடு ஒட்டிக்கிடக்கும். கம்பளி கலந்தது அல்லது பாலியஸ்டர் கலந்தது பாருங்கள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கம்பூட்டைக் கழற்றி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி, வேறு சாக்ஸ் மாட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக் களிம்புச் செலவை மிச்சப்படுத்தும்.

வாங்குகிறபோது வேலைக்குப் போடுகிற சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள், அதுவும் சாயங்காலம், ஏனென்றால் நாள் முழுக்க நின்றால் கால் கொஞ்சம் உப்பும். காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையவேண்டும், நடந்தால் குதிகால் எழும்பி எழும்பி விழக்கூடாது. பி.வி.சி. கம்பூட் விலை குறைவு, ஆனால் உறைபனி விழுகிற காலையில் விறைத்துப்போய்க் கணுக்காலை அறுக்கும். ரப்பர் அந்த அளவுக்கு விறைக்காது. கையிருப்பு இடம் கொடுத்தால் ரப்பரே வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், ரப்பருக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி.க்கு ஐ.எஸ். 12254. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை அரசின் தர அமைப்பான பி.ஐ.எஸ். நடத்துகிற பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் அடித்தால் யார் செய்தது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். உள்ளே பாதத்துக்கு அடியில் கழற்றி எடுக்கிற மெத்தை அட்டை இருந்தால் இன்னும் நல்லது, தினம் வெளியே எடுத்து வையுங்கள். ராத்திரி உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடுப்புப் பக்கத்தில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள், ரப்பர் வெடித்துவிடும். வீட்டில் வேறு யாரும் அந்த கம்பூட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகவேண்டாம், பூஞ்சை அவர்களுக்கும் வரும்.

கேள்வி: போன வருஷம் தள்ளுபடியில் டிரெக்கிங் ஷூ வாங்கினேன். எப்போதாவதுதான் போட்டேன். இப்போது தொட்டபெட்டா போனபோது அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது, பாதி தூரம் சாக்ஸில் நடந்தேன். கடையில் "பில்லிலேயே போட்டிருக்கு, மாற்றித் தர மாட்டோம்" என்கிறார்கள். (கோத்தகிரி)

அந்த அடிப்பாகம் பி.யு., அதாவது பாலியூரித்தேன் ஆக இருக்கவேண்டும். காற்றில் இருக்கிற ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே சிதைத்துவிடும். ஷூவைப் போட்டாலும் சரி, அலமாரியில் பூட்டி வைத்தாலும் சரி, அது பாட்டுக்கு நடக்கும். நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம். பெட்டியோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக வைத்தவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது, கொடுமை.

இப்போது பெட்டியைத் தேடி எடுங்கள் தம்பி. தயாரித்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். நீங்கள் வாங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பு செய்தது என்றால் தள்ளுபடியின் ரகசியம் புரிந்துவிடும், உங்கள் வாதமும் பலமாகும். "மாற்றித் தர மாட்டோம்" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் பழுதான சரக்குக்கான பொறுப்பு போய்விடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். உங்கள் விஷயத்தில் அந்த நாள் தாண்டிவிட்டது. அதனால் தயாரிப்புக் குறைபாடு, பழைய சரக்கு என்ற வழியில்தான் போகவேண்டும். நீங்கள் ஈரத்தில் வைத்ததால்தான் கெட்டது என்று அவர்கள் சொல்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள். உதிர்ந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து, பில், பெட்டி லேபிள் மூன்றையும் சேர்த்து முதலில் ஷூ கம்பெனிக்கு எழுதுங்கள். கடையை விடக் கம்பெனி சீக்கிரம் இறங்கிவரும் என்பது என் அனுபவம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

அடுத்த முறை ரப்பர் அல்லது ஈ.வி.ஏ. (லேசான நுரை மாதிரி இருக்கிற பிளாஸ்டிக்) அடிப்பாகம் கேட்டு வாங்குங்கள், பணம் கொடுக்கும் முன் பெட்டியில் வருடத்தைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி கால் மரத்துப்போகிறது என்கிறார். நச்சை உறிஞ்சும் பாத ஒட்டுகள் ஆன்லைனில் வருகிறதே, காலையில் பார்த்தால் கறுப்பாகிவிடுகிறதாமே? மசாஜர் மெஷினும் பார்த்து வைத்திருக்கிறேன். (ஊட்டி)

அந்த ஒட்டின் மேல் கொதிக்கிற கெட்டிலின் ஆவியைக் காட்டிப் பாருங்கள், அதுவும் கறுக்கும். ஈரம் பட்டால் நிறம் மாறுகிற பொடி, அவ்வளவுதான். அமெரிக்காவில் இதே மாதிரி ஒட்டு விற்றவர்கள் மேல் 2009லேயே அரசின் வணிக ஆணையம் வழக்குப் போட்டது. மசாஜரும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் அது அழுத்தினாலும் சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. வெந்நீர்ப் பை, கரி அடுப்பில் குளிர்காய்வது, கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்து வைத்த பிளாஸ்திரி எல்லாம் அதே கணக்கு.

மரத்துப்போவதை டாக்டரிடம் சொல்லி இரண்டு பாதத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செய்தது) வாங்குங்கள், பின்பக்கப் பட்டை உள்ளது, வெல்க்ரோவில் இறுக்கித் தளர்த்துகிறது. விரலுக்கு நடுவில் வார் வருகிறது வேண்டாம். கூடவே ஒரு கைக்கண்ணாடி, தினம் ராத்திரி பாதத்தின் அடியைப் பார்க்க. அம்மாவுக்குக் கண் மங்கல் என்றால் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடம் போகிற மகளுக்குப் பனிக்காலத்தில் கால்விரல் சிவந்து ஊதாவாகி வீங்கி அரிக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

குளிரில் சுருங்கின ரத்தக் குழாய் சட்டென்று சூடு பட்டதும் செய்கிற வேலை அது. தைலம் எரிச்சலைத்தான் கூட்டும். வெளியிலிருந்து வந்ததும் நேராகத் தீயில் காட்டாமல் சாக்ஸையும் போர்வையையும் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். ஷூ இறுக்கமா என்று பாருங்கள், இரண்டு சாக்ஸ் போட்டு அதே ஷூவில் திணித்தால் இன்னும் மோசம். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ரொம்பப் பெரிதாகவும் வாங்கவேண்டாம், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் போதும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். புண்ணானால் டாக்டரிடம் காட்டுங்கள்.