மோரிஸ் மைனருக்கு முன்கண்ணாடி: ஒட்ட விடாதீர்கள்

கேள்வி: ஐயா, என் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த 1962 மோரிஸ் மைனர் 1000 காடி (கார்) இப்போது என்னிடம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் வழியில், செம்மோர் பக்கம் முன்னால் போன கல் லோரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் கீறல் விழுந்தது. அது நீண்டுகொண்டே போய் இப்போது ஓரத்தைத் தொட்டுவிட்டது. கடையில் கேட்டால், இதற்கு ரப்பர் கிடைக்காது, புதுக் காடி மாதிரி கம் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார்கள். கண்ணாடியைத் தாய்லாந்திலிருந்து வரவழைக்க ஒருவர் பாதிப் பணம் முன்கூட்டியே கேட்கிறார். காப்புறுதியில் ஒன்றும் கிடைக்காது என்கிறார் முகவர். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, கம் வைத்து ஒட்டச் சம்மதிக்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். அதுவரை காடியை வெயிலில் நிறுத்தவும் வேண்டாம், சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவவும் வேண்டாம். கீறல் ஒரே நாளில் மறுகோடிக்குப் போய்விடும். பசை செலுத்தி அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், அது கல் பட்ட சின்னப் புள்ளிக்குத்தான். ஓரம் தொட்ட கீறலுக்கு அது வீண் செலவு.

ஏன் ஒட்டக்கூடாது? இன்றைய காடிகளில் கண்ணாடி உட்காரும் இடம் அகலமான தட்டையான விளிம்பு. அதில் கம் போட்டால் கண்ணாடியும் உடம்பும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் மைனரில் இருப்பது ஒல்லியான தகர ஓரம். அந்த ஓரம் ரப்பரின் ஒரு பள்ளத்தில் நுழையும், கண்ணாடி இன்னொரு பள்ளத்தில் நுழையும். நடுவில் ரப்பரின் தடிப்புக்கு இடம் விட்டே கண்ணாடியை அளவெடுத்திருக்கிறார்கள். ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடைவெளியைக் கம்மால் நிரப்பினால், பள்ளம் மேடுள்ள சாலையில் உடம்பு முறுக்கும்போது கண்ணாடி எங்காவது தகரத்தில் முட்டும். முட்டிய இடத்திலிருந்து மறுபடி கீறல். அப்புறம் அதைக் கழற்ற நினைத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், பெயிண்டும் உரிந்து வரும்.

ரப்பர் கிடைக்காது என்பது சோம்பேறித்தனமான பேச்சு. மைனர் 1948இல் வந்து 1970களின் தொடக்கம் வரை லட்சக்கணக்கில் ஓடிய காடி. இங்கிலாந்தில் அதற்கென்றே உதிரிபாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் சுருட்டிப் பார்சலில் வரும், உடையாது. பால்மரம் வெட்டி வளர்ந்த நம் ஊருக்கு ஒரு ரப்பர் வளையம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டியிருக்கிறதே என்று எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் முதலில் ரப்பரை வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகுதான் பழைய கண்ணாடியில் கை வைக்க வேண்டும். பழைய ரப்பரையே கழுவித் திரும்பப் போடலாம் என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள். அறுபது வருட வெயிலில் காய்ந்த ரப்பர் மழை நீரை உள்ளேதான் அனுப்பும்.

இனி கண்ணாடி. கீறல் கோடாக நீள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது இருப்பது லாமினேட்டட் கண்ணாடி: இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒன்றாக்கியது. விரிசல் விட்டாலும் ஏடு பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் காடிகள் பலவற்றில் டெம்பர்டு, அதாவது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடிதான் இருந்தது. அதில் கோடு விழாது. கல் பட்ட நொடியில் முழுவதும் பொடித்துண்டுகளாகி வெளுத்துவிடும், எதிரே சாலையே தெரியாது. ஆக, உங்கள் அப்பாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ ஒருமுறை மாற்றியிருக்கலாம். நீங்களும் லாமினேட்டட்தான் கேட்க வேண்டும். டெம்பர்டை மலிவு என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு தகடும் நடுவே ஒரு கோடும் தெரியும். கறுப்புத் தாள் ஒட்டும் ஆசை இருந்தால், முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் வரவேண்டும் என்பது ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதி.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பழைய லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1956க்கு முந்திய மைனரில் முன்கண்ணாடி ஒன்றல்ல, நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைத் துண்டுகள். தோட்டத் துரைமார் ஓட்டிய பழைய சீரிஸ் லேண்ட்ரோவரிலும் அப்படித்தான். தட்டைக் கண்ணாடிக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. பழைய துண்டை அட்டையில் வைத்து வரைந்து கொடுத்தால், நல்ல கண்ணாடிக் கடைக்காரர் வாகனத்துக்கான லாமினேட்டட் தகட்டிலிருந்து அறுத்து ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பார். வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியை மட்டும் வாங்கிவிடக்கூடாது, உடைந்தால் கத்தி மாதிரி பாயும். டெம்பர்டை அறுக்கவே முடியாது. பதப்படுத்திய பிறகு அறுத்தால் மொத்தமும் வெடித்துவிடும். இதைக் கேட்டுவிட்டு, உங்கள் 1962 காடிக்கும் பெரிய காடியின் கண்ணாடியை அறுத்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்று ஒருவர் வரக்கூடும். உங்களுடையது வளைந்த ஒற்றைக் கண்ணாடி. சுற்றளவு சரியாக வந்தாலும் வளைவு ஒத்துவராது, மூலைகளில் தூக்கிக்கொண்டு நிற்கும். விதிவிலக்கு தட்டைக் கண்ணாடிக்கு மட்டும்தான்.

தாய்லாந்து ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்களுக்குக் கடை இருக்காது, கைப்பேசி இருக்கும். கண்ணாடி வழியில் உடைந்துவிட்டது என்று ஒருநாள் சொல்வார்கள், அதோடு முன்பணமும் உடைந்ததுதான். ஈப்போவிலும் பினாங்கிலும் பழைய சரக்கு வைத்திருக்கும் கண்ணாடிக் கடைகளில் முதலில் நேரில் கேளுங்கள். பழைய காடி வைத்திருப்பவர்களுக்குள் விசாரியுங்கள், பரணில் ஒன்றிரண்டு கிடக்கும். பழைய காடிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் பொத்தோங் கடையையும் விடாதீர்கள். எங்கும் இல்லை என்றால்தான் ரப்பர் அனுப்பியவரிடமே கண்ணாடியையும் மரப்பெட்டியில் அடித்து அனுப்பச் சொல்ல வேண்டும். உடைந்து வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்புறுதி முகவர் சொன்னது பாதி சரி. உங்களிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் கண்ணாடிக்குக் காசு வராது. ஆனால் பழைய காடி என்றாலே எல்லாரையும் மூன்றாம் தரப்பில் தள்ளிவிடுவது யார்? கணினியில் மாடல் பெயர் வரவில்லையாம், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. வரி மட்டும் ஒழுங்காக வாங்கத் தெரிகிறது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் முழுக் காப்புறுதி தருகிற நிறுவனம் உண்டா என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். அதில் கண்ணாடியைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தானாக வராது. வழக்கமாகக் கண்ணாடிக்கு நீங்கள் குறிக்கும் மதிப்பில் 15 விழுக்காடு கட்டணம்: 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 150 வெள்ளி. அந்த மதிப்பில் ரப்பரையும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிச் சேர்த்த பிறகு கண்ணாடிக்கு மட்டும் கோரினால், இழப்பீடு கோராதவர்களுக்குக் கட்டணத்தில் தரும் என்சிடி கழிவு குறையாது. இப்போதே சேர்த்துவிட்டு அடுத்த வாரம் உடைந்ததாகக் காட்டலாம் என்று யோசனை சொல்லவும், கூடவே இலவச டின்ட் தருவதாக ஆசை காட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். அது மோசடி. மாட்டினால் படிவத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதுதான்.

மாட்டும் வேலைக்கு ஆள் தேடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கயிறு வைத்துத்தானே போடுவீர்கள்?’ என்ன கயிறு என்று திருப்பிக் கேட்டால் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முறை இதுதான். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்துக் கண்ணாடியை எடுப்பார்கள். தகர ஓரத்தைச் சுரண்டித் துரு பார்க்க வேண்டும், கீழ் மூலை இரண்டிலும் கட்டாயம் இருக்கும். துருவுக்கு மேலேயே ரப்பரைப் போட்டு மூட விடாதீர்கள். துருவை எடுத்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, பிறகுதான் மற்றது. புது ரப்பரைச் சற்று வெயிலில் வைத்தால் இளகும். அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகரம் நுழையும் பள்ளத்தில் ஒரு வழவழப்பான கயிற்றைச் சுற்றிவிட்டு, இரண்டு நுனியும் கீழே நடுவில் காடிக்குள் தொங்கும்படி விடுவார்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, சைக்கிள் டயர் ரிம்மில் ஏறுவது போல ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறிக்கொண்டே வரும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

கடைசியில் கசிவை அடைக்க, வினிகர் மாதிரி புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிகனை எடுத்தால் தடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் அமிலம் தகரத்தைத் தின்னும். இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் மாஸ்டிக் வகைதான் வேண்டும். எல்லாம் முடிந்ததும் பட்டறையிலேயே குழாயைத் திறந்து கண்ணாடியைச் சுற்றி நிதானமாகத் தண்ணீர் விடச் சொல்லி, நீங்கள் உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் சரிசெய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.