கன்றின் முழங்கால் சில்லு நழுவுகிறது: வளர வளர சரியாகுமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்புக் கிடேரிக் கன்று பிறந்து 18 நாள் ஆகிறது. ஈனும்போது இடுப்பு மாட்டிக்கொண்டதால் நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தோம். இப்போது இடது பின்காலை ஊன்றினாலே மடங்கிக் குந்திவிடுகிறது. முழங்கால் சில்லு வெளிப்பக்கம் நழுவுகிறது. வளர வளர சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா? (ராசிபுரம் பகுதி விவசாயி)

பதில்: காத்திருக்காதீர்கள் ஐயா. உங்கள் கன்றுக்கு இந்த வாரங்கள்தான் முக்கியம்.

முதலில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்காலில் பின்பக்கம் துருத்தி நிற்பது குதிகால் மூட்டு. முழங்கால் அதற்கும் மேலே, அடிவயிற்றை ஒட்டி இருக்கிறது. நோயுள்ள கால் மேலே வரும்படி கன்றைப் படுக்கவைத்து, காலை நீட்டி, சில்லைக் கட்டைவிரலால் உள்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். டக்கென்று உட்காரும். காலை மடக்கியதும் மறுபடி வெளியே வந்தால் நீங்கள் சொல்வது சரிதான். இரண்டு தொடைகளின் முன்பக்கத்தையும் பிடித்துப் பாருங்கள். இடது தொடையில் மட்டும் சதை வற்றியிருந்தால், இழுத்தபோது தொடை நரம்பு அடிபட்டிருக்கிறது. சில்லை நடுவில் நிறுத்துவதே அந்தச் சதைதான்.

இனி எலும்புக்கு வருவோம். சில்லு ஓடுவதற்குத் தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. இளங்கன்றுக்கு அது முழு வடிவம் பெற்றிருக்காது. சில்லு அழுத்தியபடி ஏறி இறங்கினால்தான் பள்ளம் ஆழமாகும், இரு கரையும் உயரும். வெளிப்பக்கமே கிடக்கும் சில்லு வெளிக்கரையைத் தட்டையாக்கிவிடும். சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநார் அந்த எலும்பையும் வெளிப்பக்கம் திருப்பும். வளரும் எலும்பில் அழுத்தம் மிகுந்த பக்கம் மெதுவாகவும், குறைந்த பக்கம் வேகமாகவும் வளரும். ஹ்யூட்டர், ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர்கள் 1862-லேயே சொன்னது இது. கால் கோணுவது இப்படித்தான். கோணிய பிறகு சில்லை மட்டும் இழுத்துத் தைத்தால் நிற்காது, எலும்பையே வெட்டித் திருத்த வேண்டிவரும். மாட்டுக்கன்றுக்கு அது பெரிய வேலை.

சில மாடுகளுக்குக் கால் பின்னால் விறைத்து நீண்டு, குளம்பு நுனி தரையில் உரசி, பிறகு வெடுக்கென்று மடங்கும். அது சில்லு மேலே பூட்டிக்கொள்ளும் வேறு நோய். உள்பக்கத் தசைநாரை அறுத்துவிட்டால் பெரும்பாலும் உடனே சரியாக நடக்கும். உங்கள் கன்றுக்கு அந்தச் சிகிச்சை கூடாது, உள்பிடிப்பும் போய்விடும்.

இன்றே 1962 என்ற கால்நடை அவசர உதவித் தொலைபேசி எண்ணை அழையுங்கள், அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெளிப்பக்கம் இறுகிய மூட்டு உறையைத் தளர்த்தி, உள்பக்கத்தை இறுக்கித் தைக்கலாம். ஆனால் நரம்பு முற்றிலும் செத்திருந்தால் தையலும் தாங்காது. அதனால் தொடையின் உள்பக்கத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை சிமெண்ட் தரை வேண்டாம். மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்புங்கள். வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியே பால் கொடுங்கள். சூடு மட்டும் போட்டுவிடாதீர்கள் ஐயா, தோல் வெந்தால் அறுவையும் தள்ளிப்போகும். வண்டியில் ஏற்றும்போது இடது கால் மேலே இருக்கட்டும்.