காலை பஸ் நின்றதற்கு என்ன செய்யலாம்?

தம்பி, மூதூர்ப் பக்கம் ஆறு மணி இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் நின்றுபோச்சு, கேட்டால் டிரைவர் இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மகஜர் (ஊரார் கையெழுத்திட்ட மனு) அப்புறம், முதலில் அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கேட்க வேண்டியது: எத்தனை டிரைவர் வெற்றிடம், போன மாதம் அந்த பஸ் எத்தனை நாள் ஓடியது, அவ்வளவுதான். டிப்போத் தொழிற்சங்கங்கள் கட்சிக்கு ஒன்றாய்க் கிடக்கும். ஒன்றோடு மட்டும் கதைத்தால் மற்றது முகம் திருப்பும், எல்லாரிடமும் போங்கள். பிள்ளைகளின் இ.போ.ச. சீசன் டிக்கெட்டுகளையும் போட்டோக்கொப்பி எடுத்து மகஜரோடு இணைத்துவிடுங்கள், தனியார் பஸ்ஸில் அது செல்லாதே. இதுபற்றி ஊர்க் கூட்டம் வைப்பதானால் வெள்ளி மத்தியானம் மட்டும் வைக்காதீர்கள், பாதிப்பேர் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள்.