பாயின்ட்டை மிக்ஸிக்கு மாற்றுவதா, விமான டிக்கெட்டுக்கா?

கிரெடிட் கார்டு பாயின்ட், பயணம் பற்றிக் கொங்கு மண்டல வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு கார்டில் 48,000 பாயின்ட் சேர்ந்திருக்குங்க. வீட்டுக்காரம்மா கேட்டலாக்கில் மிக்ஸி வாங்கிக்கலாம்கிறாங்க. பையன் பில்லில் கழிச்சுக்கலாம்கிறான். எது லாபம்?
*வாசகர், கோவை சரவணம்பட்டி*

பதில்: இரண்டும் வேண்டாங்க. பாயின்ட்டுக்கென்று நிலையான விலை எதுவும் கிடையாது. எந்த வழியில் செலவு செய்கிறீர்களோ அதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். உங்கள் கார்டில் பில்லில் கழித்தால் ஒரு பாயின்ட்டுக்கு 20 பைசா. அதே பாயின்ட்டை வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டுக்குக் கொடுத்தால் 50 பைசா. அதாவது 48,000 பாயின்ட் ஒரு வழியில் 9,600 ரூபாய், இன்னொரு வழியில் 24,000 ரூபாய். கேட்டலாக் பொருள்கள் பெரும்பாலும் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதிலும் அங்கே போட்டிருக்கும் விலை பெரும்பாலும் எம்ஆர்பி. கிராஸ்கட் ரோட்டில் அதே மிக்ஸியைத் தள்ளுபடியில் வாங்கிவிடலாம் என்பதால் உண்மை மதிப்பு இன்னும் இறங்கும்.

டிக்கெட் போடும்போது இரண்டு விஷயம் பாருங்கள். வங்கியின் தளத்தில் காட்டும் கட்டணத்தையும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் காட்டும் கட்டணத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். கன்வீனியன்ஸ் கட்டணம் சேர்த்து வங்கித் தளத்தில் 600 ரூபாய் கூடுதலாக இருந்தால், அந்த 600-ஐ உங்கள் லாபத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, முழுக் கட்டணத்தையும் பாயின்ட்டிலேயே கட்ட விடமாட்டார்கள். ஒரு வரம்புக்கு மேல் மீதியைக் கார்டில்தான் கட்ட வேண்டும். பாயின்ட்டை மாற்றுவதற்கே பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. அதனால் சில்லறை சில்லறையாக மாற்றாமல் மொத்தமாக ஒரே தடவையில் மாற்றுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூர் போகலாம்னு இருக்கோம். பாயின்ட்டை ஏர்லைன் மைல்ஸா மாத்தினா இன்னும் லாபம்னு சொல்றாங்களே, அது எப்படிங்க செய்யறது?
*வாசகர், பொள்ளாச்சி*

பதில்: மைல்ஸ் என்பது விமான நிறுவனத்தின் சொந்தப் பாயின்ட்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். லாபம்தான், ஆனால் வரிசை தப்பினால் பாயின்ட் முடங்கிவிடும். பலர் செய்வது தலைகீழ் வேலை: முதலில் பாயின்ட்டை மைல்ஸாக மாற்றிவிட்டு, பிறகு சீட் தேடுகிறார்கள். ஒரு தடவை மாற்றிய மைல்ஸை வங்கிக்குத் திருப்ப முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டத்துக்குப் பெயர் கிரிஸ்ஃப்ளையர்; அதன் மைல்ஸுக்கு 3 வருடம்தான் ஆயுள்.

சரியான வரிசை இதுதான். முதலில் கிரிஸ்ஃப்ளையரில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்தில், அதே வரிசையில் இருக்க வேண்டும். நம் பக்கம் அதிகம் சிக்குவது இந்த இடத்தில்தான். வங்கிக் கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மாற்றம் நிராகரிக்கப்படலாம், அல்லது டிக்கெட் வாங்கிய பிறகு விமான நிலையத்தில் தகராறு வரும். தேவைப்பட்டால் முதலில் வங்கியில் கேஒய்சி கொடுத்துப் பெயரை விரித்து எழுதச் சொல்லுங்கள். மனைவிக்குத் தனிக் கணக்கு தேவையில்லை. உங்கள் கணக்கில் நாமினியாக 5 பேர் வரை சேர்த்து அவர்களுக்கும் உங்கள் மைல்ஸில் டிக்கெட் எடுக்கலாம்.

அடுத்து, உங்கள் தேதிக்கு ‘சேவர்’ சீட் (குறைந்த மைல்ஸில் கிடைக்கும் சீட்) இரண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பயணத்துக்கு 355 நாள் முன்பிருந்தே திறக்கும். மே மாத லீவு, தீபாவளி வாரம் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சீட் கண்ணில் பட்ட பிறகே மாற்றுங்கள், அதுவும் தேவையான அளவு மட்டும். சில வங்கிகளில் உடனே வரும், சிலவற்றில் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் சீட் போய்விடலாம். ஆகவே மாற்றுத் தேதி ஒன்றும் கையில் வையுங்கள். வங்கியின் விகிதத்தையும் பாருங்கள்: சில கார்டுகளில் 1 பாயின்ட்டுக்கு 1 மைல், சிலவற்றில் 2 பாயின்ட்டுக்கு 1 மைல்.

லாபமா என்று பார்க்க ஒரு கணக்குப் போதும். ரொக்கக் கட்டணத்தில், மைல்ஸ் டிக்கெட்டுக்கும் கட்டியாக வேண்டிய வரியைக் கழித்து, மைல்ஸால் வகுங்கள். உதாரணத்துக்கு டிக்கெட் 22,000 ரூபாய், வரி 4,000, கேட்கும் மைல்ஸ் 15,000 என்றால் ஒரு மைலுக்கு 1 ரூபாய் 20 பைசா. 2 பாயின்ட்டுக்கு 1 மைல் தரும் கார்டு என்றால் ஒரு பாயின்ட்டுக்கு 60 பைசாதான். வங்கித் தளத்தில் ஒரு பாயின்ட்டுக்குக் கிடைப்பதைவிட இது குறைவாக வந்தால் மாற்றவே வேண்டாம்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடியாகப் பறக்கும் ஸ்கூட் குறைந்த கட்டண விமானம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட்டே மலிவு என்பதால், அதில் மைல்ஸைச் செலவழிப்பதைவிடப் பணம் கட்டுவதே பெரும்பாலும் மேல். மைல்ஸுக்கு நல்ல மதிப்பு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில்தான். அது கோவைக்கு வருவதில்லை. சென்னையிலோ கொச்சியிலோதான் ஏற வேண்டும். பொள்ளாச்சிக்காரருக்குச் சென்னையைவிடக் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி பக்கம்; பாலக்காடு, திருச்சூர் வழியாகக் காரில் போகலாம், ரயில் என்றால் அங்கமாலியிலோ ஆலுவாயிலோ இறங்கலாம். போக்குவரத்துச் செலவையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் போய்ச் செலவு செய்யும்போது இன்னொரு ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 ஆகிறது. 60,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 2,478 ரூபாய் அதிலேயே போய்விடும். அந்தச் செலவுக்கு வரும் பாயின்ட் இதை ஈடுகட்டாது. 2 சதவீதமோ அதற்குக் கீழோ பிடிக்கும் கார்டையோ, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையோ எடுத்துப் போங்கள். முஸ்தஃபா மாதிரிக் கடையில் மெஷினில் “ரூபாயா, டாலரா” என்று கேட்டால் டாலரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்களே வைப்பார்கள், அது எப்போதும் நமக்குப் பாதகம்தான்.

கேள்வி: பனியன் கம்பெனி வெச்சிருக்கோம். மாசம் 8 லட்சத்துக்கு நூல் பில், டையிங் பில் வருது. அதைக் கார்டில் கட்டினா பாயின்ட் குவியுமே?
*வாசகர், திருப்பூர்*

பதில்: சொந்தக் கார்டில் வேண்டாங்க. தனிநபர் கார்டு தனிநபர் செலவுக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒரே நிறுவனத்துக்கு மாதாமாதம் பெரிய தொகை போனால் வங்கி கவனிக்கும். பாயின்ட்டை ரத்து செய்யலாம், கார்டையும் முடக்கலாம்.

கம்பெனி பெயரில் பிசினஸ் கார்டு எடுத்தாலும், நூல் மில்லில் ஸ்வைப் மெஷின் இருக்காது. ஏதாவது பேமென்ட் ஆப் வழியாகப் போக வேண்டும். அவர்கள் 1.8 சதவீதம் பிடித்தால் 8 லட்சத்துக்கு 14,400 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பாயின்ட் 1 சதவீத மதிப்பு என்றே வைத்தாலும் 8,000 ரூபாய்தான். கட்டணம் இல்லாமல் நேரடியாகக் கார்டு வாங்கும் இடங்களில் பயன்படுத்துங்கள்: சரக்கு வாங்கும் பையரைப் பார்க்கப் போகும் விமான டிக்கெட், ஹோட்டல், கூரியர். டிக்கெட் போடும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது பாடு.

கேள்வி: நாங்க விமானமே ஏறறதில்லை. மாசம் ரெண்டு தடவை ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல சென்னை போயிட்டு வர்றதுதான். எங்களுக்கு ஏதாவது இருக்குங்களா?
*வாசகி, ஈரோடு*

பதில்: ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டு உங்களுக்காகவே உள்ளது. ஐஆர்சிடிசி தளத்திலோ ஆப்பிலோ ஏசி வகுப்பு டிக்கெட் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பும். டிக்கெட்டுக்கே பயன்படுத்தும்போது 1 பாயின்ட் 1 ரூபாய். ஸ்லீப்பரில் போகிறவர் என்றால் இந்த 10 சதவீதம் கிடையாது, அப்போது இந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு 6 லட்சத்துக்கு நகை எடுக்கறோம். கார்டில் போட்டா ஹனிமூன் டிக்கெட்டே வந்துடும்னு மாப்பிள்ளை சொல்றாரு.
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

பதில்: நகைக் கடையில் முதலில் கேட்க வேண்டியது, “கார்டுக்கு எக்ஸ்ட்ரா எவ்வளவு?” என்பதுதான். 2 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். வரும் பாயின்ட்டின் மதிப்பு அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். எக்ஸ்ட்ரா இல்லாத கடையாக இருந்து, அந்தச் செலவால் கார்டின் வருடாந்திர இலக்கும் எட்டி, போனஸ் பாயின்ட்டோ அடுத்த வருடக் கட்டணத் தள்ளுபடியோ கிடைக்குமானால் மாப்பிள்ளை சொல்வது நியாயம். சில கார்டுகளில் நகைக்குப் பாயின்ட்டே கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்துக்கு மேல் என்பதால் பான் கார்டு கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பில் தேதியில் 6 லட்சமும் கையில் இருக்க வேண்டும். மொய்ப் பணம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று மினிமம் டியூ (பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினால், மாதம் 3.75 சதவீத வட்டியும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ஓடும். 6 லட்சத்துக்கு மாதம் சுமார் 26,500 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. அந்த நிலை வரும் என்று தோன்றினால் கார்டை வீட்டில் வைத்துவிட்டு, வங்கிக் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் செய்துவிடுங்கள்.